கோடி முடியட்டும்

ஏனுங்க தம்பி, அந்தப் பையைச் சித்த அக்கட்ட தள்ளிக்கிறீங்களா? போதுமுங்க, நான் ஒல்லியான ஆளுதான். என்ன படிக்கறீங்க? கண்ணாடி பையில கெடக்குது, ஆனா 'இலக்கு'ன்னு பெருசாப் போட்டிருக்கறது தெரியுது. எத்தன பக்கமுங்க, இருநூத்தம்பதா? மூடி வைங்க. ஈரோடு போய்ச் சேர ரண்டு மணி நேரம் ஆகும், நாஞ்சொல்றே. அதை எழுதுனவரு எத்தன இலக்கை அடைஞ்சாரோ தெரியாது. நான் அடைஞ்சவன். போன தை மாசம் இருவதாந் தேதி சாயந்தரம் அஞ்சேமுக்காலுக்கு அடைஞ்சே.

சிரிக்காதீங்க. நேரம் பாத்துத்தான் சொல்றனுங்க.

எம்பேரு சென்னியப்பன். கரண்டாபீசுல மீட்டரு கணக்கெடுக்கற வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவன். வெயிலோ மழையோ, நாளைக்கு நூத்தம்பது ஊடு. நாய் தொரத்தும், பொம்பளைங்க கதவத் தொறக்க மாட்டாங்க, இருட்டு மூலையில மீட்டர மாட்டி வெச்சிருப்பாங்க. அத்தனையிலயும் ஒரு நம்பரு நான் தப்பா எழுதுனதில்லீங்க. கட்டத்துக்குள்ள எழுதுனா கட்டத்தத் தாண்டாது. அது எனக்குப் பொறவிலயே வந்தது.

தொண்ணூத்தாறுல எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி வெச்சாங்க. மெட்ராசுல இருந்து ஒரு ஆபீசரு வந்திருந்தாரு, கோட்டு சூட்டெல்லாம் போட்டுட்டு. ஆளுக்கொரு சீட்டக் குடுத்து, உங்க வாழ்க்கை லட்சியத்த எழுதுங்கன்னாரு. பக்கத்துல இருந்தவன் ஊடு கட்டோணும்னு எழுதுனான். இன்னொருத்தன் மூணு புள்ளைகளயும் கட்டிக் குடுக்கோணும்னு எழுதுனான். எனக்கு ஒண்ணுமே தோணல தம்பி. முப்பத்தாறு வயசு, சம்சாரம் இருக்குது, ஒரு புள்ள இருக்குது, சர்க்கார் உத்தியோகம் இருக்குது, வேற என்னத்த எழுதறது? முன்னால இருந்த செவுத்துல ஆஞ்சநேயர் காலண்டரு தொங்குச்சு. 'ஒரு கோடி ஸ்ரீராமஜெயம் எழுத வேண்டும்'னு எழுதிக் குடுத்துட்டே.

அந்த மனுசன் சீட்டயெல்லாம் படிச்சுப் பாத்துட்டு என்னையத்தான் எந்திரிக்கச் சொன்னாரு. இதுதானய்யா லட்சியம், இதுல எண்ணிக்கை இருக்குது, மத்ததெல்லாம் ஆசைன்னாரு. போர்டுல கணக்குப் போட்டுக் காட்டுனாரு. நாளைக்கு ஆயிரம் எழுதுனா பத்தாயிரம் நாள். முடியற தேதியக் கண்ணுல படற எடத்துல எழுதி வெய்யின்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு ஆரும் அதுவரைக்கும் கை தட்டுனதில்லீங்க.

ஊட்டுக்கு வந்து அலமாரிக் கதவுல ஊதா மசியில தேதிய எழுதுனே. என்ற சம்சாரம், மயிலாத்தான்னு பேரு, அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, பக்கத்துல வந்து நின்னு, இதென்ன தேதிங்கன்னு கேட்டா. என்ற லட்சியம் முடியற நாளுன்னே. அப்ப நமக்கு என்ன வயசுங்க இருக்கும்னா. எனக்கு அறுவத்தி மூணு, உனக்கு அம்பத்தேழுன்னே. அவ விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

காலைல அஞ்சு மணிக்கு ஒக்காந்தா ஐநூறு, சாயந்தரம் ஆபீசு உட்டு வந்து ஐநூறு. சேத்து வெச்சு எழுதறது கெடையாது, முன்கூட்டி எழுதறதும் கெடையாது. அன்னன்னிக்கு ஆயிரம் அன்னன்னிக்கே. ஒரு நாள் தவறுனா கடேசித் தேதி ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான் சட்டம். எழுதறப்ப ஆரும் எடையில பேசக் கூடாது. பேசுனா நான் எடது கைய இப்படித் தூக்கிக் காட்டுவே. அது ஊட்டுல எல்லாருக்கும் பழகிருச்சு. என்ற புள்ள கோகிலவாணி மழலை பேசற வயசுலயே என்ற கையப் பாத்தா வாயப் பொத்திக்கும். ஒழுக்கமுங்க, எல்லாம் வளக்கறதுலதான் இருக்குது.

சில பேரு சொல்லுவாங்க, ஊட்டுக் காரியத்த உட்டுப்போட்டு இதென்னய்யா வேலைன்னு. எந்தக் காரியத்த உட்டே? புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணி வெச்சே. முகூர்த்தத்தன்னிக்குக் கூட மண்டபத்து மேல் ரூமுல ஒக்காந்து ஐநூத்த முடிச்சுப் போட்டுத்தான் தாரை வாத்துக் குடுக்க எறங்குனே. பந்தி, சீரு, வந்த ஒறம்பரை சனமெல்லாம் மயிலாத்தா பாத்துக்கிட்டா. அவளப் பெத்த அய்யன் செத்தப்ப எழவு ஊட்டுல எழுதலாமான்னு கேட்டாங்க. சாமி பேருக்கு என்னய்யா தீட்டுன்னு சொல்லிப்போட்டு மாட்டுக் கொட்டாயிப் பக்கம் போயி எழுதுனே. பத்தாயிரம் நாளுங்க. சொல்றப்ப சின்னதா இருக்குது.

மயிலாத்தாளும் ஒண்ணுங் கொறை சொன்னதில்லீங்க, அதச் சொல்லியே ஆகோணும். ஏதாச்சும் கேப்பா. திருப்பூர்ல தங்கச்சி புது ஊடு கட்டியிருக்கறா, ஒரு நாலு நாள் போயி இருந்துட்டு வரலாமுங்களான்னு கேப்பா. கோடி முடியட்டும்னு சொல்லுவே. கடலப் பாத்ததே இல்லீங்கன்னுவா. கோடி முடியட்டும், கடலு எங்க போயிரப் போவுதுன்னுவே. ஒருக்கா, என்னமோ தோணிருச்சு போல, ஒரு நா சாயந்தரம் சும்மா வாசல்ல ஒக்காந்து ரண்டு பேரும் காப்பி குடிக்கலாமுங்களான்னா. இதெல்லாம் ஒரு கேள்வியா? அதுக்கும் அதேதான் சொன்னே. அவளும் சரிங்கன்னுட்டா.

இன்னொண்ணு பாருங்க. ஒரு நா நான் எழுதிட்டிருக்கறப்ப வந்து நின்னு, ஏனுங்க, முட்டி வலி பொறுக்க முடியலீங்கன்னா. கையத் தூக்கிக் காட்டுனே. ஐநூத்த முடிச்சு, பேனாவ மூடி வெச்சு, என்ன சொல்ல வந்தேன்னு நானாத்தான் கூப்பிட்டுக் கேட்டே. ஒண்ணுமில்லீங்கன்னுட்டா. பாத்தீங்களா? ஒரு மணி நேரத்துல ஒண்ணுமில்லாமப் போற வலிக்கு எடையில வந்து எதுக்குப் பேசறது? அதுல இருந்து அவளும் கேக்கறத உட்டுட்டா. நல்ல பொம்பளைதானுங்க.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றே. ரண்டாயிரத்துப் பதினேழுல எனக்கு டெங்கு. ஆசுபத்திரியில சேத்துப்போட்டாங்க. நெனவு வரும், போகும். மொத்தம் பத்தொம்பது நாளு. கண்ணு தெளிஞ்சு எந்திரிச்சதும் நான் முதல்ல கேட்டது நோட்டத்தான். மனசு பதறுதுங்க, பத்தொம்பது நாள் போச்சே, தேதி தள்ளிப் போச்சேன்னு. நோட்டப் பிரிச்சுப் பாத்தா, தம்பி, பத்தொம்பது நாளும் எழுதியிருக்குது. தேதி போட்டு, நாளைக்கு ஆயிரம். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலு, நடுக்கம். காய்ச்சல்ல நடுங்கற கை எப்படி எழுதுமோ அப்படியேதான் இருந்துது.

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நெனவில்லாமக் கெடந்தப்பவும் என்ற கைய அந்த ஆஞ்சநேயரு எழுத வெச்சிருக்கறாரு. மயிலாத்தாளக் கூப்பிட்டு, நான் எழுதுனதப் பாத்தியான்னு கேட்டே. அவ ஆரஞ்சு உரிச்சுட்டு இருந்தா. எழுதியிருக்குதுங்களான்னா, அவ்வளவுதான்.

எங்க காலனி ஆஞ்சநேயர் கோயில்ல அது பரவிருச்சு. மேடையில ஏத்தி சால்வை போத்துனாங்க. மைக்கக் குடுத்துச் சொல்லச் சொன்னாங்க. சனிக்கெழமைன்னா வெளியூர்ல இருந்தெல்லாம் கார் போட்டுட்டு வருவாங்க, அந்த நோட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க. புள்ளை இல்லாதவங்க நோட்டத் தலையில வெச்சுக்கிட்டு அழுவாங்க. மயிலாத்தா அவங்களுக்கெல்லாம் டீ வெச்சுக் குடுப்பா. நூறு தடவைக்கு மேல நான் அந்தக் கதைய சொல்லியிருப்பே, அவ நூறு தடவையும் கேட்டுட்டு அடுப்படியிலதான் நின்னுட்டிருந்தா.

காங்கயம் வந்துருச்சு பாருங்க. வண்டி அஞ்சு நிமிசம் நிக்கும், டீ ஏதாச்சும் குடிக்கறீங்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இன்னிக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது.

தை இருவதாந் தேதி. சொன்னனுங்களே, அஞ்சேமுக்காலு. கடேசி ஸ்ரீராமஜெயத்த எழுதி முடிச்சுப் பேனாவக் கீழ வெச்சே. ஏதோ நடக்கும்னு நெனச்சே. ஒண்ணும் நடக்கல. பக்கத்து ஊட்டு டிவி சத்தம் கேட்டுது. மயிலாத்தா, முடிஞ்சுது புள்ளன்னு கூப்பிட்டே. அவ வந்து நோட்டப் பாத்தா, அலமாரிக் கதவப் பாத்தா. முடிஞ்சுதுங்களான்னு கேட்டா. நெசமாவே முடிஞ்சுதுங்களான்னு மறுக்காவும் கேட்டா. ஆமான்னே. அன்னிக்கு ராத்திரிக்கு எனக்குப் புடிச்ச சந்தவை பிழிஞ்சு போட்டா, தேங்காப்பாலோட. அடுத்த நாள் காலைல ஒரு பையில துணிய எடுத்து வெச்சுக்கிட்டு, தாராபுரத்துக்குக் கோகிலா ஊட்டுக்குப் போயிட்டு வர்றனுங்கன்னா. போயிட்டு வான்னே. இத்தன வருசம் எங்கயும் போகாதவ, நாலு நாள் இருந்துட்டு வரட்டுமேன்னு நெனச்சே.

நாலு நாளு நாப்பது நாளாச்சு. மூணு மாசமாச்சு. போன் பண்ணுனா பேத்திக்குப் பரிச்சைங்கறா, மாப்பளைக்கு ஒடம்பு சரியில்லைங்கறா. நானும் என்னமோ சோத்த ஆக்கித் தின்னுட்டு இருந்தே. அதுவா இப்பப் பிரச்சனை? கோயில்ல புதுசா சன்னதி கட்டறாங்க. நான் எழுதுன நோட்டு மூட்டையெல்லாம் சாமி பீடத்துக்கு அடியில வெக்கறாங்க. பக்கத்துல கல்லுல பேரு வெட்டறாங்க. நாளான்னிக்கு முகூர்த்தம். கோயில் செகரட்டரி வந்து, சென்னியப்பா, சங்கல்பத்துக்குத் தம்பதியா மணையில ஒக்காரோணும், சம்சாரத்தக் கூட்டிட்டு வந்துருன்னுட்டாரு. சரி, போன்ல சொன்னா ஆகாது, நேர்ல போய்க் கூட்டிட்டு வந்தர்லாம்னு இன்னிக்கு நேரமே எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடிச்சே.

கோகிலா ஊட்டுச் சந்துல திரும்பறே, ஒரு பொம்பளை பேச்சு கேக்குது. வாசல்ல நாலஞ்சு பேரு ஒக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கறாங்க. ஒருத்தி என்னமோ கதை சொல்றா, மத்தவங்க உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. நல்லா ராகம் போட்டு, கையக் கால ஆட்டிப் பேசறா. ஆரு இந்த வாயாடின்னு நெனச்சுக்கிட்டே கிட்டப் போனே. மயிலாத்தா. சத்தியமாச் சொல்றே தம்பி, அவ அப்படிப் பேசி நாங் கேட்டதே இல்ல. நாப்பது வருசக் குடித்தனத்துல எனக்கு அவ கொரலு அடையாளந் தெரியல. புள்ள ஊட்டுல இருந்து கெட்டுப் போயிட்டாளாட்டிருக்குதுன்னு நெனச்சே.

என்னையப் பாத்ததும் பேச்ச நிறுத்திப்போட்டா. வாங்கன்னா. எலை போட்டா. கோகிலா பக்கத்துல நிக்குது, மாப்பளை வாங்க மாமான்னு சொல்லிப்போட்டு வெளிய போயிட்டாரு. நான் நேரா விசயத்துக்கு வந்தே.

"நாளான்னிக்குக் கல்லு வெக்கறாங்க. ரண்டு பேரும் மணையில ஒக்காரோணுமாம். பொறப்படு புள்ள."

"நீங்க போயிப் பாத்துக்குங்க. நான் வர்லீங்க."

"ஒத்தையில எப்படி ஒக்கார்றது?"

"இருவத்தேழு வருசமா ஒத்தையிலதானுங்களே ஒக்காந்தீங்க."

பேச்சப் பாருங்க. நான் பொறுத்துக்கிட்டே. கல்லுல உன்ற பேரும் வருதாக்கும்னே. என்ன பேருங்க வருதுன்னு கேட்டா. சென்னியப்பன் தம்பதியர்னு வருதுன்னே. அதுக்கு எதுக்குச் சிரிக்கோணும்? சிரிச்சுக்கிட்டே ரசத்த ஊத்தறா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏம்புள்ள, நான் நெனவில்லாமக் கெடந்தப்ப அந்த சாமியே வந்து எங்கைய புடிச்சு எழுத வெச்ச கோடி, அதுக்கு ஒரு மருவாதை வேண்டாமான்னு கேட்டே.

அவ ரசச் சட்டியக் கீழ வெச்சா.

"அத நாந்தானுங்க எழுதுனே."

நான் கோகிலாளப் பாத்தே. "எனக்குத் தெரியுமுங்கப்பா. ஆசுபத்திரிக்கு நான் சோறு கொண்டாந்தப்பவெல்லாம் அம்மா உங்க கட்டிலுகிட்ட ஒக்காந்து எழுதிட்டுத்தான் இருந்துது"ங்குது. நர்சம்மாளுக்குத் தெரியுமாம். மாப்பளைக்குத் தெரியுமாம். எல்லாருக்குந் தெரிஞ்சிருக்குது தம்பி, எனக்கும் அந்த சாமிக்குந் தவர. அத்தன சனம் தொட்டுக் கும்பிட்ட நோட்டு. நூறு தடவை மைக்குல சொன்ன கதை. வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழிய ஒடச்ச மாதிரி ஆக்கிப்போட்டா.

ஆனா ஒண்ணு. மறைக்காமச் சொல்லிப்போடறே. கோவத்துக்கு நடுவுல நெஞ்சு ஒரு மாதிரி எளகிருச்சு. ராப்பகலா எனக்குப் பக்கத்துல ஒக்காந்து, வாய் தொறந்து சொல்லாம எழுதியிருக்கறா பாருங்க. நாளைக்கு ஆயிரம் எழுதற கஷ்டம் எனக்குத்தானே தெரியும், வெரலு வீங்கிப் போகும். என்ற மேல இத்தன பாசமான்னு தோணுச்சு. கண்ணுல தண்ணி கூட வந்துருச்சு. கேட்டே, "எனக்கோசரமா புள்ள எழுதுனே?"

"இல்லீங்க. பத்தொம்பது நாள் தள்ளிப் போயிருமேன்னுதானுங்க எழுதுனே."

"என்னது தள்ளிப் போகும்?"

"அலமாரிக் கதவுல தேதி எழுதியிருந்தீங்களே. கோகிலாளக் கட்டிக் குடுத்தப்பறம் நானும் ஒண்ணு நெனச்சு வெச்சிருந்தே. அந்தத் தேதி வரைக்கும் எப்படியாச்சும் இருந்தர்றது, உங்க கோடிய முடிச்சுக் குடுத்துப்போட்டு மக ஊட்டுக்கு வந்தர்றதுன்னு. எடையில உட்டுட்டு வந்தா, இவளாலதான் முடியலன்னு பேராயிருமுங்க. நீங்க காய்ச்சல்ல படுத்தீங்களா, இன்னும் பத்தொம்பது நாளு சேந்துருமேன்னு எனக்கு மலைப்பா இருந்துது. அதுதான் ஒக்காந்து எழுதிப்போட்டே."

கோவமாச் சொல்லியிருந்தாலாவது தேவல தம்பி. வெங்காயம் வெல என்னன்னு சொல்ற மாதிரி சொல்றா.

ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னாளா? நீங்களே சொல்லுங்க. லட்சியம்னா நாலு பேருகிட்டச் சொல்லோணும், சீட்டுல எழுதி வெக்கோணும், அந்த ஆபீசரு அன்னிக்கு அதத்தானே சொன்னாரு? உங்க புஸ்தகத்துலயும் அதுதான் போட்டிருப்பான். இவ ஒரு சீட்டு எழுதல, தனியா ஒரு தேதி கூடப் போடல. என்ற தேதியவே எடுத்துக்கிட்டு, என்ற அலமாரியிலயே பாத்துக்கிட்டு, எனக்கு சோத்தப் போட்டுக்கிட்டே அடைஞ்சுட்டா. நான் கஷ்டப்பட்டு எழுதறே, இவ நாள எண்ணிக்கிட்டு இருந்திருக்கறா. ரண்டு பேருக்கும் ஒரே நாள்ல முடிஞ்சிருக்குது. எனக்குத்தான் கல்லு வெக்கறாங்க.

வெக்கறாங்கன்னு சொல்றே, எங்க வெக்கறது? அந்தப் பத்தொம்பதாயிரம் எங்கையால எழுதுனதில்லீன்னா கோடி கோடி ஆகாதுங்களே. செகரட்டரிகிட்டச் சொன்னா கல்லு போச்சு. சொல்லாம மணையில ஒக்காந்தா சாமி குத்தம். அவளுக்குப் பதிலா பக்கத்துல ஒரு சொம்பு தண்ணிய வெச்சுக்கலாமான்னு அய்யரக் கேட்டாலும் கேக்கலாம், பத்தொம்பதாயிரத்துக்குப் பதிலா என்னத்த வெக்கறது? பொய்யா ஒரு நம்பரு எழுதாதவன் நான்.

எனக்குத் தோணுச்சு பாருங்க ஒரு ரோசனை. ஞாயந்தானான்னு சொல்லுங்க. கையக் கழுவிப்போட்டு வந்து சொன்னே: "சரி புள்ள, உன்ற கணக்குக்கே வர்றே. நீ எழுதுனது செல்லாது. அப்ப என்ற கோடி இன்னும் முடியல, பத்தொம்பது நாளு பாக்கி நிக்குது. கோடி முடியற வரைக்கும் இருக்கறதாத்தானே நெனச்சே? பத்தொம்பது நாளைக்கு வந்து இரு. நான் எழுதி முடிக்கறே. அப்பறம் நீ போய்க்க."

அதுல என்னங்க தப்பு இருக்குது? கோகிலா, போதுமுங்கப்பான்னு எந்திரிச்சு உள்ள போயிருச்சு, கண்ணத் தொடச்சுக்கிட்டு. மயிலாத்தா அழுவல. சண்டையும் போடல. செருப்ப மாட்டிக்கிட்டு என்ற கூடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தா. முட்டி வலி போல, சாஞ்சு சாஞ்சுதான் நடக்கறா, நான் ரண்டு தடவை நின்னு நின்னு போக வேண்டியதாப் போச்சு. நான் இந்த வண்டியில ஏறறப்ப படிக்கட்டுகிட்ட வந்து நின்னா. வருவான்னு நான் அப்பவும் நெனச்சே.

"நீங்க போயி எழுதுங்க, இனி எடையில பேசறதுக்கு அங்க ஆருமில்ல"ன்னா.

அதத்தான் தம்பி, நான் இருவத்தேழு வருசமா கேட்டுட்டு இருந்தே.